ஆயுதம் ஏந்திய மோட்டார்சைக்கிளோட்டியைக் காவலர் நிறுத்தியது நியாயமா? ஒரு காணொளியைப் பார்த்து முடிவுக்கு வரும் முறை

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலுள்ள உணவுக்கடையில் ஞாயிறு காலை கூடும் எங்கள் மோட்டார்சைக்கிள் நண்பர்களுக்கிடையே அண்மையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. அமெரிக்காவில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வண்டி ஓட்டிச் செல்கிறார், காவலர் அவரைச் சாலையோரம் நிறுத்துகிறார், துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். கைப்பேசியில் நாங்கள் பார்த்த காணொளி அவ்வளவுதான். "துப்பாக்கி வைத்திருப்பவனை நிறுத்தாமல் கும்பிட்டா அனுப்புவார்கள்?" என்றார் மூத்த அண்ணன் ஒருவர். "தோல் சட்டையையும் தாடியையும் பார்த்து நிறுத்திவிட்டார்கள், இது அநியாயம்" என்றார் தம்பி ஒருவர். தேநீர் ஆறுவதற்குள் இருவரும் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். ஆனால், தீர்ப்புக்குத் தேவையான கேள்விகளில் ஒன்றைக்கூட இருவரும் கேட்கவில்லை என்பதே என் மனத்தை உறுத்தியது. அந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த ஊர்ச் சட்டம் என்று பாருங்கள்

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்றாலே குற்றம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அதில் தவறும் இல்லை. இங்குள்ள 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்துடன் அதைப் பயன்படுத்தினாலோ பயன்படுத்த முயன்றாலோ மரண தண்டனை. எனவே சிராங்கூன் சாலையில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியுடன் வண்டியில் போனால், காவலர் அவரை நிறுத்தியது சரியா என்ற கேள்விக்கே இடமில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல மாநிலங்களில், பெரியவர் ஒருவர் பிறர் கண்ணில் படும்படி கைத்துப்பாக்கியைச் சுமந்து செல்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செயல். வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகத் துப்பாக்கி ஏந்துவது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதே அரசமைப்பின் நான்காம் திருத்தமோ, நியாயமற்ற சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் மக்களைக் காக்கிறது. சாலையில் ஒரு வண்டியை நிறுத்துவதையும் நீதிமன்றங்கள் அந்தத் திருத்தத்தின்கீழ் வரும் செயலாகவே கொள்கின்றன. ஆகவே காணொளியைப் பார்த்ததும் முதலில் அறிய வேண்டியது, அது எந்த மாநிலம், அந்த மாநிலத்தில் ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த உரிமம் தேவையா, தேவையில்லையா என்பதுதான். இது தெரியாதவரை வேறெந்தக் கருத்தையும் சொல்லாமல் இருப்பது நல்லது.

காவலர் விளக்கைப் போட்ட நொடியில் ஒரு கோடு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். காவலர் தமது வாகனத்தின் சுழல்விளக்கைப் போட்ட நொடியில் மனத்துக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு முன்பு அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்குப் பிறகு கிடைத்தது எதுவாக இருந்தாலும், திருட்டுத் துப்பாக்கியே கிடைத்திருந்தாலும், அது அந்த நிறுத்தத்தை நியாயப்படுத்தாது. அதேபோல், கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் அவரை வாழ்த்தி வழியனுப்பினாலும், அதனாலேயே நிறுத்தியது தவறு என்று ஆகிவிடாது.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்த்த மயாமி வழக்கு. பேருந்து நிறுத்தம் ஒன்றில் கட்டம் போட்ட சட்டை அணிந்த இளையர் ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதாகப் பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் தகவல் தந்தார். காவலர்கள் போனார்கள், கட்டம் போட்ட சட்டைக்காரரைத் தடவிப் பார்த்தார்கள், துப்பாக்கி கிடைத்தது. தகவல் உண்மையாகவே இருந்தும், அந்தச் சோதனை சட்டவிரோதமானது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பெயர் தெரியாத ஒருவரின் சொல்லைத் தவிர, தடவிப் பார்க்கும் முன்பு காவலர்கள் கையில் வேறொன்றும் இல்லை என்பதே காரணம். துப்பாக்கி பற்றிய தகவல் என்பதற்காக விதியைத் தளர்த்த வேண்டும் என்ற வாதத்தையும் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதற்கு நேரெதிரான வழக்கும் உண்டு. 1968ஆம் ஆண்டில் தீர்ப்பான கிளீவ்லாந்து வழக்கில், சாதாரண உடையில் இருந்த துப்பறிவாளர் ஒருவர் இரண்டு பேரை நெடுநேரம் கவனித்தார். ஒரே கடையின் சன்னலை அவர்கள் மாறி மாறிப் பல முறை எட்டிப் பார்ப்பதும், திரும்பி வந்து தமக்குள் பேசிக்கொள்வதுமாக இருந்தார்கள். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவுசெய்து, அருகே சென்று தடவிப் பார்த்தபோது துப்பாக்கிகள் கிடைத்தன. நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டு வழக்கிலும் துப்பாக்கி கிடைத்தது. வேறுபாடு, தொடுவதற்கு முன்பு காவலர் தம் கண்ணால் என்ன பார்த்திருந்தார் என்பதில் இருக்கிறது. சுட்டிக்காட்டக்கூடிய விவரங்களின் மேல் எழும் இந்தச் சந்தேகத்தை அங்கே நியாயமான சந்தேகம் என்கிறார்கள். உள்ளுணர்வு சொன்னது என்பது அந்த அளவை எட்டாது.

பிறகு போக்குவரத்துக் காரணத்தைத் தேடுங்கள்

எங்கள் தம்பி கோபப்பட்ட இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள். காவலரின் உள்மனத்தில் தோல் சட்டையின் மேல் வெறுப்பு இருந்திருக்கலாம், துப்பாக்கியைப் பார்த்த ஆர்வமும் இருந்திருக்கலாம். ஆனால் 1996ஆம் ஆண்டின் முக்கியமான தீர்ப்பு ஒன்றின்படி, உண்மையான போக்குவரத்து விதிமீறல் ஒன்றைக் காவலர் கண்டிருந்தால் நிறுத்தம் செல்லும். அவருடைய உள்நோக்கம் என்ன என்று நான்காம் திருத்தத்தின்கீழ் நீதிமன்றம் தோண்டிப் பார்ப்பதில்லை. இது எனக்கு உவப்பான தீர்ப்பன்று. ஆனாலும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது, அதை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது.

மறுபக்கம், எந்த விதிமீறலும் இல்லாமல், ஓட்டுநர் உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் மனம்போன போக்கில் ஒரு வண்டியை நிறுத்துவது கூடாது என்று 1979ஆம் ஆண்டில் டெலவேர் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவுநேரச் சாலைத் தடுப்புகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். குடிபோதையில் ஓட்டுவோரைக் கண்டறிய எல்லா வண்டிகளையும் ஒரே முறையில் நிறுத்தும் தடுப்பை 1990ஆம் ஆண்டின் தீர்ப்பு அனுமதிக்கிறது. போதைப்பொருள் கடத்தல் போன்ற பொதுவான குற்றங்களைத் தேடுவதற்காகப் போடும் தடுப்பை 2000ஆம் ஆண்டின் இன்னொரு தீர்ப்பு மறுக்கிறது.

ஆகவே காணொளியில் வண்டியையே கூர்ந்து பாருங்கள். எண்பலகை தெரிகிறதா, மடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? பின்விளக்கு எரிகிறதா? புகைக்குழாய் மாற்றப்பட்டிருக்கிறதா? தலைக்கவசம் இல்லை என்றதும் விதிமீறல் என்று துள்ளிவிடாதீர்கள். இலினாய், அயோவா, நியூ ஹேம்ப்ஷியர் ஆகிய மாநிலங்களில் பெரியவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டமே இல்லை. நெரிசலில் நிற்கும் கார்களுக்கிடையே நுழைந்து செல்வதைக் கலிஃபோர்னியா சட்டம் ஏற்கிறது, வேறு பல மாநிலங்கள் ஏற்பதில்லை. காவலர் சட்டத்தையே தவறாகப் புரிந்துகொண்டு நிறுத்தியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. வடக்குக் கரோலினாவில் ஒரு நிறுத்தவிளக்கு எரிந்தாலே போதும் என்றிருக்க, இரண்டும் எரிய வேண்டும் என்று நினைத்து ஒரு காவலர் காரை நிறுத்தினார்; நியாயமான மனிதருக்கும் ஏற்படக்கூடிய தவறு அது என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை ஏற்றது.

எண்பலகையைக் கணினியில் பார்த்து, வண்டியின் உரிமையாளருக்கு ஓட்டுநர் உரிமம் ரத்தாகியிருக்கிறது என்று அறிந்து நிறுத்துவதும் செல்லும். ஓட்டுவது உரிமையாளர் அல்லர் என்று காட்டும் விவரம் எதுவும் காவலருக்குத் தெரிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இது 2020ஆம் ஆண்டின் தீர்ப்பு.

துப்பாக்கி மட்டுமே காரணம் என்றால்

வண்டியில் குறையில்லை, ஓட்டுவதிலும் குறையில்லை, இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது என்பதே ஒரே காரணம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் நாயுடன் நடைப்பயிற்சி சென்ற ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். யாரோ அவசர எண்ணை அழைத்தார்கள். காவலர் அவரைத் தடுத்து, துப்பாக்கியை எடுத்து, கைவிலங்கிட்டார். 2015ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளிப்படையாக ஆயுதம் ஏந்துவதை மாநிலச் சட்டம் அனுமதிக்கும்போது, ஏந்தியிருப்பதே குற்றச் சந்தேகம் ஆகாது என்று சொன்னது. கார் ஓட்டும் ஒவ்வொருவரையும் உரிமம் இல்லாதவர் என்று சந்தேகித்து நிறுத்த முடியாது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் தர்க்கம் விளங்கும்.

ஆனால் இங்கே நிறுத்துவதையும் நிறுத்திய பின் ஆயுதத்தை வாங்கி வைப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வாக்குவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பியதால்தான் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் ஏறவில்லை. நிறுத்தம் வேறொரு காரணத்தால் சரியாகிவிட்டால், காவலரின் பாதுகாப்பு என்ற கணக்கு உள்ளே வருகிறது. 1977ஆம் ஆண்டில் தீர்ப்பான பிலடெல்ஃபியா வழக்கில், காலாவதியான எண்பலகைக்காக நிறுத்தப்பட்ட ஓட்டுநரைக் காரிலிருந்து இறங்கச் சொன்னார்கள். இறங்கியபோது அவருடைய மேல்சட்டை புடைத்திருந்தது, தடவியபோது துப்பாக்கி கிடைத்தது. இறங்கச் சொன்னதும் தடவியதும் இரண்டும் சரி என்றது உச்ச நீதிமன்றம். மேற்கு வர்ஜீனியாவில் எழுந்த வழக்கில், ஏந்துவது சட்டப்படி சரியாகவே இருந்தாலும், சட்டப்படி நிறுத்தப்பட்ட ஒருவர் ஆயுதத்துடன் இருப்பது தெரிந்தால் காவலர் தம் பாதுகாப்புக்காகத் தடவிப் பார்க்கலாம் என்று 2017ஆம் ஆண்டில் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆக, துப்பாக்கியை வாங்கி வைத்தது சரியாகவும், அதற்கு முன் நிறுத்தியது தவறாகவும் தோன்றும் காணொளிகள் இருக்கும். அப்படிப்பட்ட காணொளியில் அடித்தளமே இல்லாததால் அதன் மேல் எழுப்பியது எதுவும் நிற்காது.

தோல் சட்டை, மோட்டார்சைக்கிள் குழுவின் சின்னம் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவரை நிறுத்துவது உண்மையிலேயே நடந்திருக்கிறது. அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2011ஆம் ஆண்டில் மோட்டார்சைக்கிளோட்டிகளை அவர்களுடைய தோற்றத்தால் இனம்பிரித்து நடத்துவதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. தம்பியின் கோபத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் இந்தக் காணொளியில் அதுதான் நடந்தது என்பதற்கு அந்தக் கோபம் சான்றாகாது.

தொலைபேசித் தகவலும் கடிகாரமும்

யாரோ அழைத்ததால் காவலர் வந்தார் என்றால், அழைத்தவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தால், மேலே சொன்ன மயாமி வழக்கு நினைவுக்கு வர வேண்டும். என் வண்டியைச் சாலையிலிருந்து தள்ளிவிட்டுப் போனார், வண்டி இன்னது, எண் இன்னது என்று சொல்லியிருந்தால், 2014ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா வழக்கு பொருந்தும். நேரில் கண்டதைச் சம்பவம் நடந்தவுடன் சொன்ன தகவல் என்பதால், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த நிறுத்தம் ஏற்கப்பட்டது. துப்பாக்கியை எடுத்துக் காட்டி மிரட்டினார் என்பது தகவலாக இருந்தால், அது வெறுமனே ஏந்தியிருப்பது அன்று, குற்றச் செயல் பற்றிய தகவல்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைச் சீட்டு எழுதும் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமே நிறுத்தி வைக்கலாம். நெப்ராஸ்காவில் சீட்டு கொடுத்து முடித்த பிறகு மோப்ப நாயை வரவழைக்க ஏழெட்டு நிமிடம் காக்க வைத்த வழக்கில், தனியான சந்தேகம் இல்லாமல் அப்படி நீட்டிக்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே சரியாகத் தொடங்கிய நிறுத்தம் ஏழாவது நிமிடத்தில் தவறாக மாறலாம். காணொளியின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி.

காணொளியின் தொடக்கம் எங்கே?

நாங்கள் பார்த்த காணொளி, வண்டி ஏற்கெனவே சாலையோரம் நின்ற பிறகு தொடங்கியது. அதாவது, கோட்டுக்கு முன்பு நடந்த எதுவும் அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு நிறுத்தியது சரி என்றும் தவறு என்றும் இருவர் சண்டையிட்டதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காவலரின் உடற்கேமராப் பதிவு, அவருடைய வாகனத்தின் முன்கேமராப் பதிவு, அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, அவர் எழுதிய அறிக்கை ஆகியவற்றில் ஒன்றாவது கிடைத்தால்தான் முடிவுக்கு வர முடியும். கிடைக்காவிட்டால், ஆயுதத்தை வாங்கிய விதத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேசலாம். நிறுத்தத்தைப் பற்றிப் பேச வழியில்லை.

நடத்தையையும் தனியே வையுங்கள். சட்டப்படி நிறுத்தியவர் அநாகரிகமாக நடந்திருக்கலாம், சட்டவிரோதமாக நிறுத்தியவர் மிகுந்த மரியாதையுடன் பேசியிருக்கலாம். குரலின் கடுமையைப் பார்த்து நிறுத்தத்தின் நியாயத்தை அளப்பது, கறியின் நிறத்தைப் பார்த்து உப்பைச் சொல்வது போன்றது.

நம் ஊரில் உங்களை நிறுத்தினால்

இந்த அமெரிக்க அளவுகோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் சாலையில் ஒரு காவலரிடம் வாதாடப் போய்விடாதீர்கள். இங்கே சீருடைக் காவலர் கைகாட்டினால் வண்டியை நிறுத்துவது ஓட்டுநரின் கடமை. அங்கே சட்டவிரோதமாகக் கிடைத்த சான்றை நீதிமன்றம் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். 1961ஆம் ஆண்டு முதல் மாநில நீதிமன்றங்களுக்கும் அந்த விதி உண்டு. இங்கே சான்று பெறப்பட்ட முறை தவறு என்பதாலேயே அது தானாக ஒதுங்கிவிடுவதில்லை. கைது செய்யப்பட்டால், அதன் காரணத்தை விரைவில் அறிவதற்கும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதற்கும் சிங்கப்பூர் அரசமைப்பின் 9ஆம் பிரிவு உரிமை தருகிறது. 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவும் வேண்டும்.

துப்பாக்கி நம் கவலை அன்று. கத்திதான் நம் கவலை. பொது இடத்தில் சட்டபூர்வமான நோக்கம் இல்லாமல் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது இங்கே சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம், நோக்கத்தை எடுத்துக்காட்ட வேண்டியவரும் நாம்தான். உணவகத்தில் சமையல் வேலை பார்ப்பவர் தம் கத்திகளை மோட்டார்சைக்கிளில் எடுத்துச் செல்கிறார், ஆயுத பூசைக்குப் பூசணி வெட்டக் கடைக்காரர் ஒருவர் அரிவாளைக் கொண்டு போகிறார். இவை நியாயமான நோக்கங்கள். ஆனால் இடுப்பில் செருகியோ இருக்கைக்கு அடியில் கைக்கெட்டும் இடத்திலோ வைத்தால் அந்த நியாயம் பார்வைக்குத் தெரியாது. உறையிலிட்டு, துணியில் சுற்றி, வண்டியின் பின்பெட்டியில் பூட்டி வையுங்கள். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் கொண்டு செல்லுங்கள். வேலை முடிந்து நண்பர்களுடன் உட்காரப் போகும் இரவில் கத்திகளை வேலையிடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நிறுத்தப்பட்டால் இயந்திரத்தை அணைத்து, தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கி, இரண்டு கைகளையும் கைப்பிடியின் மேல் தெரியும்படி வையுங்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே, "ஐயா, நான் சமையற்காரர், உள்ளே வேலைக்கான கத்திகள் இருக்கின்றன, திறக்கட்டுமா?" என்று கேளுங்கள், அவர் சொன்ன பிறகு திறங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நடந்தது சரியில்லை என்று தோன்றினால் சாலையில் வாதாடாமல், வீட்டுக்குப் போனதும் அன்றிரவே நேரம், இடம், எந்தச் சாலைத் தடம், காவலரின் பெயர்ப்பட்டை, அவர் சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வைத்து, வண்டியில் கேமரா இருந்தால் அதன் பதிவை அழியாமல் எடுத்து வைத்து, அவற்றுடன் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அந்தப் பதிவு, அவர் கைகாட்டுவதற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்தே தொடங்குவதாக இருக்கட்டும்.